சாகுல் இல்லாமல் வாங்கிய கம்ப்யூட்டர்

விலை சொல்வதற்கு முன்னால் கேள்வி கேட்கத் தெரிந்த என் தம்பி சாகுலுக்கு,

நீ பூட்டிக் கொடுத்த கறுப்புப் பெட்டி நின்றுவிட்டது. பதினோரு வருடம் ஓடியது. ஜாசினில் என் அச்சுக்கடையில் அதற்குப் பிறகு வாங்கிய இரண்டு பிரிண்டர்களும் ஒரு ஏர்கோன் குளிரூட்டியும்கூடப் போய்ச் சேர்ந்துவிட்டன, அது மட்டும் இருந்தது. ஆடித் திருவிழாவுக்கு ஒரு மாரியம்மன் கோயில் பதாகை, இருபதடி. அதன் கோப்பைத் திறந்தேன். அம்மன் முகம் பாதி வந்தது, திரை இருண்டது. அப்புறம் நான் என்ன செய்தும் எழுந்திருக்கவில்லை.

ஆடிப் பதாகைகள் வரிசையில் நிற்கின்றன. அது முடிந்தால் ஆவணிக் கல்யாண அழைப்பிதழ்கள். ஒரு வாரத்துக்குள் புதுக் கம்ப்யூட்டர் வந்தாக வேண்டும், தப்பான கம்ப்யூட்டர் வந்தால் இந்த வருட வேலை முழுவதும் பக்கத்து ஊர்க் கடைக்குப் போய்விடும். இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உன்னைக் கேட்காமல் நான் வாங்கப்போகும் முதல் கம்ப்யூட்டர் இது என்பதுதான் எனக்கு உதறலாக இருந்தது. முதல் என்று எழுதும்போதே கை தயங்குகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாங்குவதில் நான் ஏமாளி இல்லை என்று உனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளில் மாதிரி அட்டைகளைக் கட்டிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்க் கல்யாண ஓர்டர் பிடித்தவன். காகிதத்தை விரலால் தடவினால் எத்தனை கிராம் என்று சொல்வேன். ஆனால் கம்ப்யூட்டரைத் தடவிப் பார்த்து என்ன தெரியும்? வெளியே ஒரு பெட்டி. உள்ளே யாருடைய நேர்மை இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மகள் கவிதா வந்தாள். இணையத்திலேயே வாங்கலாம் என்றாள். போனில் ஒரு பக்கத்தைத் திறந்து, பிராசசர் இது, மெமரி இவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தாள்.

"அப்பா, எல்லாம் டிக் பண்ணியாச்சு. நீங்க கார்டு மட்டும் குடுங்க."

"கெட்டுப்போனா யாரும்மா வருவா?"

"யாரும் வர மாட்டாங்கப்பா. நம்மதான் கொரியர்ல அனுப்பணும்."

"ஆடி மாசத்துல இத கொரியர்ல அனுப்பிட்டு, நான் கடைக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு இருக்கவா?"

அவள் சிரித்துவிட்டுப் போனை மூடினாள். அவள் தேர்ந்தெடுத்ததில் ஒரு பிழையும் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பக்கம் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மலாக்கா டவுனில் பெரிய மாலுக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர்கள் ரதம் மாதிரி நீலமும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தன. விற்பனையாளர் என்னை மேலும் கீழும் பார்த்து, "கேம் விளையாடவா, அங்கிள்?" என்று கேட்டார். கல்யாணக் கார்டு அடிக்க என்றேன். ஒரு கணம் யோசித்து, எல்லாவற்றிலும் அதிகமாக மின்னியதைக் காட்டி, "அப்படின்னா இதுதான் பவர், அங்கிள்" என்றார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். விற்க நிற்கிறவர் விற்கத்தானே வேண்டும்? நானும் அதே ஜாதிதான்.

அதனால்தான் உன்னைக் கடைசிவரை எனக்குப் புரியவில்லை, சாகுல். அந்தக் கறுப்புப் பெட்டிக்காக முதன்முதலில் உன் கடைக்கு வந்தபோது, "நல்லதா ஒன்னு போடு, என்ன விலை?" என்றேன். நீ விலையே சொல்லவில்லை. "வருஷத்துல உங்களுக்கு ரொம்ப மோசமான நாள் எதுண்ணே? அன்னைக்கு வந்து உக்காந்து பாக்குறேன்" என்றாய். சொன்ன மாதிரியே ஆவணி முதல் வாரத்தில் கிளேபாங்கில் இருக்கும் உன் கடையிலிருந்து ஜாசினுக்கு வந்து, என் கடை மூலையில் நாள் முழுக்க உட்கார்ந்தாய். ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் திறக்கிறேன், எந்த இடத்தில் காத்திருக்கிறேன், எப்போது திட்டுகிறேன் என்றுகூட ஒரு துண்டுத் தாளில் குறித்தாய். ஹலாலா என்று தயங்காமல் நீ சாப்பிட வேண்டும் என்று அன்று என் மனைவி சைவமாகவே சமைத்தாள். பிறகு நீ வரும் நாளெல்லாம் எங்கள் வீட்டில் சைவம்தான். என் பிள்ளைகள் உன்னை 'சாம்பார் சித்தப்பா' என்று கூப்பிட்டது உனக்குத் தெரியுமோ தெரியாதோ.

சாயந்திரம் தீர்ப்புச் சொன்னாய். "கிராபிக்ஸ் கார்டு உங்களுக்கு வேணாம். அந்தக் காச மெமரில போடுங்க. ஸ்கிரீன் என்கிட்ட வாங்காதீங்க. என்கிட்ட இருக்குறதுல உங்க குங்குமம் ஆரஞ்சா தெரியும்." சொல்லிவிட்டு டவுனில் தவுக்கே என்று நாம் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் கடைக்கு வழி எழுதிக் கொடுத்தாய். வந்த வாடிக்கையாளரை போட்டிக் கடைக்கு அனுப்புகிற வியாபாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவன் தேறமாட்டான் என்றுதான் அன்று நினைத்தேன். அந்தத் திரையில் பார்த்த சிவப்பு அப்படியே அட்டையில் இறங்கியபோதுதான், தேற வேண்டியவன் நான் என்று தெரிந்தது.

பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்த விஷயம். ஐந்து வருடத்துக்கு முன்பு, இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்று வேண்டியிருந்தபோது, நான் உன்னிடம் வரவில்லை. மாலில் கண்காட்சி போட்டிருந்தார்கள். உன்னைவிடக் கெட்டிக்காரன் என்ற நினைப்பு. ஸ்டிக்கரில் இருந்த பெரிய நம்பரைப் பார்த்து வாங்கிவிட்டேன். கடைக்குக் கொண்டுவந்து என் பழைய அழைப்பிதழ்களைத் திறந்தால், 'திருமண' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. நம்முடைய பழைய தமிழ் எழுத்துருக்கள் அதில் இல்லை, அவற்றை ஏற்றும் வழியும் எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்க வெட்கம். ஒரு துணியைப் போட்டு மூடி மூலையில் வைத்தேன். வருடா வருடம் கறுப்புப் பெட்டிக்குத் தூசி துடைக்க வரும் நீ, "இது என்னண்ணே?" என்றாய். "கவிதாவோடது, பழசு" என்றேன். நீ சரி என்று தலையாட்டினாய். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன் கடையை மைமூன் நடத்துகிறாள். உனக்குக் கசந்தாலும் சொல்கிறேன், அங்கே வாங்குவதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தேன். தம்பி மனைவி என்ற இரக்கத்துக்காக ஒரு பொருள் வாங்கினால், அது பழுதானால் திட்டவும் முடியாது, திருப்பவும் முடியாது. டவுனில் எல்லோரும், 'அந்தப் பொண்ணு எத்தன நாளைக்கு நடத்தும்' என்றுதான் பேசினார்கள். பழைய பெட்டியிலிருந்த கோப்புகளை எடுத்துத் தரக் கேட்கலாம், அவ்வளவுதான் என்று தூக்கிக்கொண்டு போனேன்.

மைமூன் பெட்டியைப் படுக்க வைத்து, பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே வயர்கள் எல்லாம் பின்னிய சடை மாதிரி வரிசையாகக் கட்டியிருந்தன. "சாகுல் கை இது. இவ்வளவு சுத்தமா யார் கட்டுவா?" என்றேன்.

"அவரு கையா?" என்று சிரித்தாள். "வயர் கட்டுறதுக்கெல்லாம் அவருக்குப் பொறுமை ஏதுண்ணே. இந்தக் கடைல இருந்து போன பெட்டி எல்லாத்துலயும் வயர் கட்டுனது நான்தான். பாதிப் பெட்டி பூட்டுனதும் நான்தான். அவரு வாசல்ல நின்னு உங்க கூடப் பேசிக்கிட்டு இருப்பாரு."

பதினோரு வருடம் உன்னைப் பாராட்டியதில் பாதி அவளுக்குப் போக வேண்டியது. நீ ஏன்டா ஒரு வார்த்தை சொல்லவில்லை? நான் கேட்கவில்லை என்பதாலா?

தகட்டின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நீ ஒவ்வொரு வருடமும் அதில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், தூசி துடைத்த தேதி என்றுதான் நினைத்திருந்தேன். மைமூன் படித்துவிட்டுத் தகட்டை என் பக்கம் திருப்பினாள். உன் சாய்ந்த கையெழுத்து.

'அடுத்துத் திறப்பவருக்கு: மெமரி இன்னும் இரண்டு போட இடம் இருக்கிறது. பவர் சப்ளை நல்லது. தமிழ் எழுத்துருக்கள் இரண்டாவது டிஸ்கில். நாம் எதைச் சொன்னாலும் அண்ணன் முதலில் வேண்டாம் என்பார். அது பேரம் இல்லை, பயம். விளக்கிச் சொன்னால் கேட்பார். மூலையில் துணி போட்டு மூடிய ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதைப் பற்றிக் கேட்க வேண்டாம். சங்கடப்படுவார்.'

எனக்குச் சிரிப்பு வந்ததா, வேறு ஏதாவது வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. மைமூன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எல்லாப் பெட்டிலயும் எழுதி வெச்சிருக்காருண்ணே. ஒவ்வொன்னா திறக்க வரும்போதுதான் எனக்கே தெரியுது" என்றாள்.

"சரிம்மா, புதுசு ஒன்னு போட்டா என்ன ஆகும்?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இப்ப சொல்ல மாட்டேன். நாளைக்கு உங்க கடைக்கு வந்து ஒரு நாள் உக்காரணும்."

வந்தாள். நீ உட்கார்ந்த அதே மூலை. கவிதாவின் மடிக்கணினியை வைத்து நான் தட்டுத்தடுமாறி வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டில் அன்றைக்கும் சைவம். சாயந்திரம் அவளும் தீர்ப்புச் சொன்னாள். நடுத்தரப் பிராசசர் போதும். மெமரி முப்பத்திரண்டு ஜிபி. வேலைக்கு வேகமான டிஸ்க் ஒன்று, பழைய கோப்புகளைப் பத்திரப்படுத்தப் பெரிய டிஸ்க் ஒன்று. இடி மின்னலுக்கு யூபிஎஸ். வெளிப்பெட்டி பழையதே இருக்கட்டும், ஒன்றும் ஆகவில்லை. அதோடு ஒரு கிராபிக்ஸ் கார்டு.

"கார்டா? அது எனக்கு வேணாம்னு சாகுலே சொல்லியிருக்கான்மா."

"அது அப்பண்ணே. இன்னைக்கு வந்தவங்கள்ல பாதிப் பேரு என்ன கேட்டாங்க? போன்ல அனுப்ப வீடியோ அழைப்பிதழ். ஒவ்வொன்னும் ரெடியாகுற வரைக்கும் நீங்க எந்திரிச்சுப் போயி தேத்தண்ணி குடிச்சுட்டு வர்றீங்க. நாலு தடவ போனீங்க, நான் எண்ணுனேன்."

"இருந்தாலும் அவன் சொன்னது..."

"அவரு கடைசியா வந்தப்ப நீங்க வீடியோ பண்ணலயே. இப்ப இருந்திருந்தா அவரே போட்டிருப்பாரு. போடலன்னா நான் சண்ட புடிச்சிருப்பேன்."

தாளில் நீ எழுதியிருந்தது சரிதான், அது பயம். இறந்துபோனவன் சொன்னதை மீறி ஒரு பொருள் வாங்குவதா என்ற பயம். ஆனால் நீ என்னிடம் சொன்ன முடிவுகளை எல்லாம் விட்டுவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது எது? அந்த மூலையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாயே, அது. அதே இடத்தில் இப்போது இன்னொருத்தி உட்கார்ந்து, உனக்குப் பிறகு மாறிப்போன என் வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். எதை நம்புவது, சாகுல்?

"போடும்மா," என்றேன். "ஸ்கிரீன்?"

"அதுவும் மங்கிப் போச்சு. ஆனா என்கிட்ட வாங்காதீங்க. அந்தத் தவுக்கேகிட்டயே போங்க. கையில ஒரு குங்குமக் கலர் கார்டு எடுத்துட்டுப் போயி, பக்கத்துல வெச்சுப் பாருங்க."

அதற்குப் பிறகு எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை.

நான்காம் நாள் பெட்டி வந்தது. முதல் வேலையாக அந்தப் பதாகையைத் திறந்தோம். அம்மன் முகம் முழுதாக வந்தது, குங்குமம் குங்குமமாகவே இருந்தது. வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், எழுந்து போகவேண்டிய தேவை இல்லை. அப்புறம் மூலைக்குப் போய் நானே அந்தத் துணியை எடுத்தேன். மைமூன் ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்து எழுத்துருக்களை ஏற்றினாள். கால் மணி நேரம். ஐந்து வருடம் மூடி வைத்ததற்கு வைத்தியம் அவ்வளவுதான். இப்போது அதிலும் தமிழ் தெரிகிறது.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கும் ஒரு காரணம் உண்டு. மலாக்கா, ஜாசின், தஞ்சோங் கிளிங் பக்கமெல்லாம் உங்கள் கடைப் பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் பெட்டியை மைமூனிடம் கொண்டுபோய்ப் பக்கத் தகட்டைத் திறந்து பார்க்கட்டும். தங்களைப் பற்றி நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளட்டும். பெட்டிக்கு என்ன தேவை என்பதை அவள் பார்த்துச் சொல்வாள். இரக்கத்துக்காகப் போக வேண்டாம், நான் அப்படிப் போகவில்லை.

ஒன்று பாக்கி. பெட்டியை மூடும் முன்னால் மைமூன் உன் தாளுக்குப் பக்கத்தில் புதுத் தாள் ஒன்றை ஒட்டினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினாள். நிறையவே எழுதினாள்.

"என்னம்மா எழுதுற?"

"அது அடுத்துத் திறக்குறவங்களுக்குண்ணே. உங்களுக்கு இல்ல."

நாலு திருகாணிதான். கையில் ஸ்க்ரூ டிரைவரும் இருக்கிறது. ஆனாலும் நான் அதைத் திறந்து பார்க்க மாட்டேன், தம்பி. இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் சரியாகத்தான் எழுதியிருப்பாள்.

உன்னிடம் பொய் சொன்ன, நீ காட்டிக்கொடுக்காத,
உன் அண்ணன்
ஆறுமுகம், ஜாசின்