நான் நிறுத்தச் சொன்ன ஊசி

மைனி,

இன்று காலை மருந்துக் கடையைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்து நின்றாள். கண்ணில் போடும் களிம்பு கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். வலது இமை பாதிக் கண்ணை மறைத்துக்கொண்டு தொங்கியது.

"கண்ணு ரெண்டும் தன்னால இறுக்கி மூடிக்கிடும் அக்கா. அதுக்கு ஊசி போட்டாவ. இப்பம் இமை இப்படி தொங்குது. இனிமே அந்த ஊசி வேண்டாம்னு வச்சிரட்டா? மருந்துக் கடையில இருக்கியள்லா, அதான் கேக்கேன்."

"அத நான் சொல்லப்பிடாது. ஊசி போட்ட டாக்டர்ட்டயே போயி, எந்த நாளுல இருந்து தொங்குதுன்னு சொல்லு" என்றேன். அவள் செல்போனில் இருந்த ஆஸ்பத்திரி எண்ணுக்கு நானே பேசி, நாளைக்கு வரச் சொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவளை விட்டேன். அவள் போனதும் நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்போது மனதில் எழுதத் தொடங்கியதை இப்போது தாளில் எழுதுகிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கும், நாம் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் புதுக்கடைச் சந்தைக்கு வருவோம். நீங்கள் கடற்கரையில் ஏலம் எடுத்த மீனை அலுமினியச் சருவத்தில் நிறைத்துப் பின்வாசல் பக்கம் வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். நான் டிபன் டப்பாவோடு பக்கத்தில். அண்ணன் உங்களையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டுக் கல்ஃபில் மீன்பிடிப் படகில் இருந்தான். வீட்டில் நீங்கள், நான், உங்கள் இரண்டு பெண்பிள்ளைகள். நான் மருந்தாளுநர் படிப்பு முடித்து இந்தக் கடையில் சேர்ந்தபோது என்னைவிட நீங்கள்தான் அதிகம் பெருமைப்பட்டீர்கள். சந்தையில் மற்ற மீன்காரிகளிடம் "எங்க வீட்டு டாக்டரம்மா" என்று என்னைக் காட்டுவீர்கள். சும்மா இருங்க மைனி என்று நான் வெட்கப்பட்டேன். ஆனால் உள்ளுக்குள் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு நடந்ததற்கெல்லாம் அதுவும் ஒரு காரணம்.

சுனாமிக்கு மறு வருடம் உங்கள் கண்கள் அடிக்கடி சிமிட்டத் தொடங்கின. முதலில் தூசி என்றோம். பிறகு இரண்டு கண்களும் இறுக மூடிக்கொண்டு சில நொடிகள் திறக்காமல் கிடக்க ஆரம்பித்தன. கடல் ஊருக்குள் வந்தபோது பிடித்த பயம், அந்தப் பேடி, கண்ணில் தங்கிவிட்டது என்றார்கள் தெருவில். நீங்களும் அதை நம்பி ஒன்பது நாள் நவநாள் செபம் சொன்னீர்கள். கண் அதற்கும் அடங்கவில்லை.

சந்தையில் அயலை மீன் வாங்க வந்த ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "மாப்பிள கல்ஃபுல கெடக்கான், இவ இங்க கண்ணடிக்கா" என்று சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. நான் எங்கள் மருந்துக் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுந்து அவன் பையில் கையை விட்டு, கொடுத்த மீனை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துச் சருவத்தில் போட்டீர்கள். "எனக்க மீனு உனக்கு வேண்டாம். போ" என்றீர்கள். சந்தை முழுக்கச் சிரித்தது. திரும்பும்போது பஸ்ஸில் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேரும்வரை அழுதீர்கள்.

நாகர்கோவிலில் ஒரு கண் டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். இது பேடியும் இல்லை, பேயும் இல்லை; இமையைச் சுற்றி இருக்கும் தசை தானாகவே இறுகுகிறது; அந்தத் தசையைத் தளர்த்த ஊசி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் போடுவார்கள் என்று எழுதிக் கொடுத்தார். நான் லீவு போட்டு உங்களைக் கூட்டிப்போனேன். கண்ணைச் சுற்றி மெல்லிய ஊசியால் நாலைந்து குத்து. என் கையை நீங்கள் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் அடுக்களையில் என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினீர்கள்.

"ஏட்டி, உனக்க மொகத்துல இத்தன பருவா? எனக்குத் தெரியாமப் போச்சே."

நாம் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழிந்து மறுபடி போட வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது முறை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். சிலருக்கு மருந்து கொஞ்சம் தள்ளிப் பரவும், இமை தொங்கலாம், கண் சரியாக மூடாமல் உலர்ந்து போகலாம், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், சில வாரத்தில் தானே சரியாகும். ஆனால் என்ன ஆனாலும் வந்து சொல்லுங்கள், அடுத்த தடவை அளவையும் இடத்தையும் மாற்றிப் போடலாம் என்றார். நான் தலையாட்டினேன். மைனி, இதை நான் கேட்டேன். நீங்கள் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

நாலாம் நாள் உங்கள் வலது இமை இறங்கியது. தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கிக்கொண்டுதான் உங்களால் எதிரில் இருப்பவரைப் பார்க்க முடிந்தது. தூங்கும்போது இடது கண் முழுக்க மூடாது. காலையில் மணல் போட்டதுபோல் உறுத்தும். நான் கொண்டுவந்த சொட்டு மருந்தை விட்டீர்கள். படுக்கப் போகும் முன் களிம்பு போட்டு, இமையின் மேல் பிளாஸ்திரி ஒட்டினீர்கள். பகலில் வேறொரு பிளாஸ்திரித் துண்டால் வலது இமையைப் புருவத்தோடு இழுத்து ஒட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தீர்கள். "தராசு ரெண்டாத் தெரியுது மக்கா. எந்தத் தட்டுல மீனப் போடன்னு நெனச்சுகிட்டு நிக்கேன்" என்றீர்கள். ஒரு கண்ணைக் கைக்குட்டையால் கட்டினால் ஒன்றாகத் தெரியும் என்று நீங்களே கண்டுபிடித்தீர்கள். ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு மீன் விற்றீர்கள். எவன் சிரித்தாலும் எழுந்து போகவில்லை. ஊசியை நிறுத்த வேண்டும் என்று நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

சொன்னது நான்.

அந்த வாரம் கடை முதலாளி என்னிடம், "இப்படி அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போனா கடைய ஆரு பாக்கது?" என்று கேட்டிருந்தார். அதிகாலை பஸ், நீண்ட வரிசை, திரும்ப இருட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. எனக்கு அலுத்துப் போயிருந்தது. அன்று அண்ணன் போன் செய்தபோது நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன்.

"அந்த ஊசி என்னதுன்னு தெரியுமா அண்ணா? வெசம். மருந்துத் தாளுலயே எழுதியிருக்கு. சும்மா வெளையாடுத காரியம் இல்ல. இப்பம் இமை தொங்கிட்டு, நாளைக்கு என்ன ஆவும்னு ஆருக்குத் தெரியும்?"

தாளில் எழுதியிருந்தது உண்மைதான். அதே விஷத்தை இம்மியளவு எடுத்து மருந்தாக்கியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்த உண்மைதான். அதைச் சொல்லவில்லை. டாக்டர் திரும்ப வரச் சொன்னதையும் சொல்லவில்லை.

போனை வைத்ததும் நீங்கள் மோவாயைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள்.

மூன்று வாரத்தில் இமை தானாக மேலேறியது. தராசு ஒன்றானது. நான் அதைப் பார்த்தேன். அன்றைக்காவது வாய் திறந்திருக்கலாம். மேலும் சில வாரம் கண்கள் நன்றாக இருந்தன. பிறகு பழைய இறுக்கம் முன்னைவிடக் கடுமையாக வந்தது. ஒருநாள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது, "இன்னும் ஒருக்கா போயிப் பாக்கலாமா?" என்று கேட்டீர்கள்.

"திரும்பவும் தொங்கினா என்ன செய்வீங்க மைனி?" என்றேன்.

நீங்கள் தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

இரண்டு வருடம். முதலில் ரோட்டைக் கடக்கப் பயந்தீர்கள். பிறகு மீன் வெட்டும்போது விரலைக் கிழித்துக்கொண்டீர்கள். பிறகு சந்தைக்கு வருவதை விட்டீர்கள். பஸ்ஸில் என் பக்கத்து இடம் வேறு யாருக்கோ ஆனது. கோயிலுக்கும் கடைக்கும் மூத்தவள் உங்களைக் கைபிடித்துக் கூட்டிப்போவாள். பள்ளி விட்டு வந்தால் அவளுக்கு விளையாட்டு கிடையாது, உங்கள் கண்ணாக இருப்பதே வேலை.

அவள் கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கிய நாளை என்னால் மறக்க முடியவில்லை. வெள்ளை உடுப்பும் தலையில் பூமுடியுமாகப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பாட்டுச் சத்தத்தை வைத்து அவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டீர்கள். இரண்டு கட்டைவிரல்களாலும் இரண்டு இமைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். கண் சிவந்து நீர் வழிந்தது. "எங்கட்டி வாறா? எத்தனாவது?" என்று என்னைக் கேட்டீர்கள். நான் சொல்வதற்குள் அவள் கடந்து போய்விட்டாள். உங்கள் விரல்கள் இமைகளைப் பிடித்தபடியே இருந்தன.

அன்றும் நான் சொல்லவில்லை.

கடைசியில் நீங்களே வழி கண்டீர்கள். பக்கத்து ஊரில் கண் பரிசோதனை முகாம் நடந்தபோது என்னிடம் சொல்லாமல் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அங்கே வந்த டாக்டர் திரும்பத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். ஊசி போட்டுவிட்டு நேராக வந்து, மூத்தவளை வாசலில் நிறுத்திவிட்டு என் கடைக்குள் ஏறி, சொட்டு மருந்தும் களிம்பும் கேட்டு நின்றீர்கள். எதிரில் நின்ற உங்களை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை மைனி. இரண்டு வருடமாக நீங்கள் யார் கையையும் பிடிக்காமல் வெளியே நின்று நான் பார்த்ததில்லை.

"டாக்டர் கேட்டாரு, அந்த எமை எத்தன நாளு தொங்கிச்சுன்னு. மூணு வாரம்னு சொன்னேன். மூணு வாரத்துக்குப் பயந்தா ரெண்டு வருசம் கண்ண மூடிகிட்டு இருந்தியன்னு கேட்டாரு."

நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான்தான் பேடிச்சு நிறுத்தினேன்னு சொல்லிட்டேன். உனக்க பேரு ஒண்ணும் நான் சொல்லல மக்கா" என்றீர்கள்.

அதன் பிறகு கிட்டத்தட்ட நான்கு வருடம். அளவைக் குறைத்தார்கள், குத்தும் இடத்தை மாற்றினார்கள். அப்போதும் சில தடவை இமை கொஞ்சம் இறங்கத்தான் செய்தது, கண் உலர்ந்தது. எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் சரியானது என்று காலண்டரில் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டினீர்கள். உப்புக் காற்றுக்குக் கண்ணாடியும் வெயிலுக்குக் குடையுமாக மறுபடி சந்தைக்கு வந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் கூட வந்தேன். முதலாளியிடம் கேட்டபோது ஒரு முணுமுணுப்போடு லீவு கொடுத்தார். நான் மலையென்று நினைத்திருந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் பஸ்ஸில், "மைனி, அந்த ரெண்டு வருசம்..." என்று தொடங்கினேன். நீங்கள் என் தொடையில் தட்டி, "டிக்கட்டு எடு, கண்டக்டரு வாறான்" என்றீர்கள். இரண்டாம் தடவை தொடங்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உங்களை நாலே நாளில் கொண்டுபோய்விட்டது.

அண்ணன் ஒவ்வொரு வருடமும் உங்கள் நினைவுத் திருப்பலிக்கு வந்துவிடுவான். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, "அவளுக்கு ஊசின்னா பேடி. பேடிச்சு ரெண்டு வருசத்த வீணாக் களஞ்சா" என்று சொல்வான். போன முறையும் சொன்னான். நான் பாத்திரம் எடுப்பதுபோல எழுந்துவிட்டேன்.

மூத்தவள் இப்போது நர்சிங் படிக்கிறாள் மைனி. போன வாரம் விடுமுறைக்கு வந்திருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள், "அம்மைக்கு உண்மையாட்டே ஊசிக்கு அவ்வளவு பேடியா மாமி? பிரசவத்துக்கே அழாத ஆளுன்னு சொல்லுவீங்களே" என்று கேட்டாள்.

நான் சொல்லிவிட்டேன். டாக்டர் என்னிடம் சொன்னது, நான் போனில் சொன்னது, தேங்காய் திருவும்போது நீங்கள் கேட்டது, எல்லாவற்றையும். அலுப்பு என்ற வார்த்தையையும் விடவில்லை.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசித் துணியையும் மடித்து அடுக்கிய பிறகு சொன்னாள்.

"அம்மைக்க கையப் பிடிச்சுகிட்டு நடந்தது நான்தான் மாமி. ரெண்டு வருசம்."

அடுக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலேஜுக்குப் புறப்படும்போது எப்போதும்போல என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் என் பெயரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தீர்கள். அது எனக்கு நீங்கள் செய்த கருணை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளைக்குப் போக வேண்டிய பதிலும் அதற்குள் அடைபட்டுக் கிடந்தது என்று இப்போது தெரிகிறது.

உங்கள் நினைவுத் திருப்பலிக்கு அண்ணன் வருகிறான். இந்த முறை அவன் அதைச் சொல்லத் தொடங்கும்போது நான் எழுந்து போகமாட்டேன், மைனி. உங்களுக்குப் பேடி இருந்ததில்லை என்று சொல்லுவேன்.