மடித்துப் பார்த்தது காரணம் ஆகாது

மார்ச் 4, செவ்வாய்

தங்கச்சி கணக்கு எழுதும்போது ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் அடைப்புக்குறி போட்டு ஒரு சின்ன வாக்கியம் எழுதுகிறாள். இன்றுதான் கவனித்தேன். இடது பக்கம் இந்தக் கோணம் அந்தக் கோணத்துக்குச் சமம் என்று இருக்கிறது. வலது பக்கம் ‘குத்தெதிர்க் கோணங்கள்’. அடுத்த வரிக்கும் அதே மாதிரி ஒன்று.

“அது என்னடி ஓரத்துல?”

“காரணம். எழுதலன்னா மார்க் இல்ல.”

“சரியா இருந்தாலுமா?”

“சரியா இருந்தாலும்தான்.”

நான் இந்தப் பாடம் வரைக்கும் போகவில்லை. எட்டாவது பாதியில் நின்றுவிட்டேன். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் படுக்கை. அவள் எழுந்து நடக்கும்போது என்னோடு படித்தவர்கள் எல்லோரும் மேல் வகுப்பில். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்திலேயே அட்டைப் பெட்டிப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். கேக் பெட்டி மடிக்கிற வேலை. அதற்குப் பேச வேண்டியதில்லை.

மார்ச் 6, வியாழன்

மாலைப் பள்ளிக்குப் போய்ச் சேர் என்று அம்மா ஒரு மாதமாகச் சொல்கிறாள். இன்று தங்கச்சியைத் துணைக்கு அனுப்பினாள். பதினேழு வயசுக்காரிக்குப் பதினாலு வயசுக்காரி துணை.

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் எட்டாவது, எல்லாம் வாண்டுகள். ஒருத்தன் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்தான். இன்னொன்றில் பத்தாவது. அங்கே என் வயதுப் பெண்கள், கடையில் வேலை பார்க்கிறவர்கள், கைக்குழந்தையோடு ஒரு அம்மா.

எது வரைக்கும் படித்திருக்கிறாய் என்று கணக்கு டீச்சர் என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது தங்கச்சி. “என் புத்தகத்தையெல்லாம் அக்கா வீட்டிலேயே படிச்சு முடிச்சுட்டா டீச்சர்,” என்றாள். பாதிக்கு மேல் பொய்.

“அவளுக்கு வாய் இல்லையா?” என்றார் டீச்சர். கோபமாக இல்லை.

“இருக்கு டீச்சர். எடுத்து வெச்சிருக்கா.”

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நிரூபணம் எழுதிக் காட்ட வேண்டும். நிரூபணம் சரியாக வந்தால் பத்தாவது அறை, வராவிட்டால் எட்டாவது. அந்த பெஞ்சில் என் முழங்கால் நுழையாது. எட்டாவது என்றால் நான் போகப்போவதில்லை. இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

வரவில்லை.

எப்படி எழுதுவது இதை. படம்: இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. நடுவில் மூன்றாவதாக ஒரு கோடு, மேலே உள்ள கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறது, அது கொடுக்கப்பட்டது. அதே கோடு கீழே உள்ள கோணத்தையும் சரிபாதியாகப் பிரிக்கும் என்று நிறுவ வேண்டும்.

நான் கேள்வித்தாளை அந்த நடுக்கோட்டில் மடித்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாக மடித்தது, நகத்தால் மடிப்பைத் தேய்க்கக்கூடச் செய்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கோடு கோட்டின் மேல் விழவில்லை. மேலேயும் விழவில்லை, கீழேயும் விழவில்லை. பட்டறையில் இப்படி இருந்தால் அந்த அட்டையைக் கழித்துக் கட்டிவிடுவோம்.

அதனால் எழுதினேன்: ‘சமம் இல்லை. கேள்வி தவறு.’

டீச்சர் தாளை வாங்கி மடிப்பைத் தடவிப் பார்த்தார். “இது என்ன?” என்றார். மடித்துப் பார்த்தேன் டீச்சர் என்று மூன்று வார்த்தை. அது வரவில்லை.

“சரி, இன்னொரு தடவை வா. முப்பதாம் தேதி. அதுவரைக்கும் எதையும் மடிக்காதே,” என்றார்.

வேலையே மடிக்கிறதுதான் என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் 10, திங்கள்

தங்கச்சியிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“அக்கா, அது டீச்சர் கையால இழுத்த படம். கோணல்மாணலாத்தான் இருக்கும். படம் பொய் சொல்லலாம். ‘கொடுக்கப்பட்டது’ன்னு எழுதியிருக்கு பாரு, அது பொய் சொல்லாது.”

“அப்போ படம் எதுக்குடி?”

“பேர் வைக்கறதுக்கு. எந்தக் கோணத்தைப் பத்திப் பேசறோம்னு தெரியணும்ல.”

கண்ணை நம்பாதே, எழுதிக் கொடுத்ததை நம்பு என்கிறாள். பட்டறையில் தலைகீழ். அங்கே கண்தான் எல்லாம்.

மார்ச் 13, வியாழன்

அம்மா அடுப்படியில், நாங்கள் இருவரும் கட்டிலில். தங்கச்சி நேற்றைய கணக்கைத் திருத்தினாள். திருத்துகிறாளா, கழுத்தை அறுக்கிறாளா தெரியவில்லை.

நான் எழுதியது: இந்த இரண்டு கோணமும் சமம், ஏனென்றால் கோடுகள் இணை. கோடுகள் இணை, ஏனென்றால் இந்த இரண்டு கோணமும் சமம்.

“அரைச்ச மாவையே அரைக்கற. கதவைத் திறக்கச் சாவி எங்கேன்னா வீட்டுக்குள்ள இருக்குங்கற. வீட்டுக்குள்ள எப்படிப் போறதுன்னா சாவியால திறந்துங்கற.”

“மெதுவாச் சொல்லேன், அம்மா காதுல விழுது.”

“எனக்கும் புரியுதுடி,” என்றாள் அம்மா, கரண்டியைக் கழுவிக்கொண்டே. “சாவி வெளியில இருக்கணும்.”

அதுதான். நிறுவ வேண்டியதை நடுவில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கையில் இருப்பதை மட்டும் வைத்து நடக்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

ஒன்றும் படிக்கவில்லை. ஆயிரம் பெட்டி ஆர்டர் அவசரம். விரல் எரிகிறது.

மார்ச் 16, ஞாயிறு

ஒன்பதாம் தேதிக் கேள்வியை எழுதிவிட்டேன். யாரும் உதவவில்லை.

கீழே இடது பாதி, மேலே வலது பாதிக்குச் சமம் (குத்தெதிர்க் கோணங்கள்). கீழே வலது பாதி, மேலே இடது பாதிக்குச் சமம் (குத்தெதிர்க் கோணங்கள்). மேலே இரண்டு பாதியும் சமம் (கொடுக்கப்பட்டது). ஆகவே கீழே இரண்டும் சமம்.

இவ்வளவுதானா? இதற்கா அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்?

மார்ச் 20, வியாழன்

இன்று பட்டறையில் ஒன்று நடந்தது. முழுசாக எழுத வேண்டும்.

ஓரம் வெட்டி விழுந்த அட்டைக் கீற்று ஒன்று மேஜையில் கிடந்தது. நீளமாக, இரண்டு ஓரமும் ஒரே சீராக. சாப்பாட்டு நேரத்தில் அதைச் சாய்வாக மடித்தேன். ஒன்றன் மேல் ஒன்று விழுந்த இடத்தில் ஒரு முக்கோணம் வந்தது. வேறு சாய்வில் மடித்தேன், அதிலும் முக்கோணம். இரண்டிலும் மடிப்பின் இரு முனையில் உள்ள கோணங்கள் ஒன்று போலத் தெரிந்தன. தெரிந்தால் போதாதே. ஏன் ஒன்று போல இருக்க வேண்டும்?

மடிப்பதற்கு முன் மேல் முனையில் மடிப்புக் கோட்டுக்கு வலது பக்கம் இருந்த கோணம்தான் மடித்த பின் இடது பக்கம் வந்து படுத்திருக்கிறது. அதே கோணம், புரண்டு படுத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலது பக்கக் கோணமும் கீழ் முனையில் இடது பக்கம் உள்ள கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள், மடிப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. கீற்றின் ஓரங்கள் இணை, அதனால் அவை சமம். ஒன்று இதற்குச் சமம், இது அதற்குச் சமம். முடிந்தது. எந்தச் சாய்வில் மடித்தாலும்.

எந்தச் சாய்வில் மடித்தாலும்! இன்னும் மடிக்காத கீற்றுக்கும் சேர்த்து எனக்குத் தெரியும்.

“என்னடி, அட்டையோட பேசிக்கிட்டு இருக்க?” என்றாள் பக்கத்தில் பசை தடவுகிற அக்கா.

“இல்லக்கா, ஒரு கணக்கு.”

“உன் வாயிலேர்ந்து ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல வந்திருச்சு. மழை வரும்.”

சாயங்காலம் தங்கச்சி அதில் ஓட்டை தேடினாள். ‘மடிப்பு’ என்று காரணம் எழுதலாமா என்று அவளுக்கே சந்தேகம். மடிக்கும்போது கோணம் மாறாது என்று எழுதச் சொன்னாள். எழுதினேன். மறுபடி தேடினாள். கடைசியில் தாளைத் திருப்பிக் கொடுத்து, “போக்கா,” என்றாள். அவள் தோற்றால் அப்படித்தான் சொல்வாள்.

நன்றாகப் பசித்தது.

மார்ச் 29, சனி

நாளைக்கு. கணக்கு வரும். பேச வருமா?

மார்ச் 30, ஞாயிறு

தாளில் எழுதுவது என்றுதான் நினைத்திருந்தேன். டீச்சர் சாக்பீஸைக் கையில் கொடுத்தார். பத்தாவது அறைப் பலகையில், எல்லோரும் உட்கார்ந்திருக்க.

இரண்டு இணைகோடுகள், குறுக்கே வெட்டுகிற ஒரு கோடு, கோணங்களுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண். ஒரே பக்கத்து உட்கோணங்கள் மூன்றும் ஐந்தும் சேர்ந்து நூற்றெண்பது பாகை என்று நிறுவ வேண்டும். பார்த்ததும் வழி தெரிந்தது. ஐந்துக்குப் பக்கத்தில் ஆறு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கோணம் மூன்று சமம் கோணம் ஆறு என்று எழுதினேன்.

“ஏன்?” என்றார் டீச்சர் பின்னாலிருந்து.

நான் அதை அழித்துவிட்டேன்.

உள்ளங்கையாலேயே அழித்தேன். என்னை யாராவது ஏன் என்று கேட்டால் தப்பு செய்துவிட்டேன் என்றுதான் அர்த்தம். ஏன் லேட்டு, ஏன் பெட்டி கோணலா இருக்கு, ஏன் வாயத் திறக்க மாட்டேங்கற. வேறு மாதிரி ஏன் எனக்குத் தெரியாது.

“எதுக்கு அழிச்சே?”

பின்னால் குழந்தை ஏதோ சிணுங்கியது. அதன் அம்மா உஷ் என்றாள்.

“நீ எழுதினது சரிம்மா. சரின்னு எனக்குத் தெரியும். உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் கேட்டேன்.”

சரியாக இருந்தாலும்தான். தங்கச்சி முதல் நாளே சொன்னாள், நான்தான் மார்க்குக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுபடி எழுதினேன். பலகையைப் பார்த்தபடியே சொன்னேன்: “ஒன்றுவிட்ட கோணங்கள். கோடுகள் இணை.”

“இணைன்னு யார் சொன்னது?”

“நீங்கதான் கொடுத்தீங்க டீச்சர்.”

யாரோ சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது, ஆனால் கை நிற்கவில்லை. ஆறும் ஐந்தும் சேர்ந்து நூற்றெண்பது (ஒரே நேர்கோட்டின் மேல் அடுத்துள்ள கோணங்கள்). ஆறுக்குப் பதில் மூன்றைப் போடலாம் (முதல் வரி). முடிந்தது.

“செவ்வாய்க்கிழமை இந்த ரூமுக்கே வந்துடு,” என்றார்.

படியில் காத்திருந்த தங்கச்சி என் கையைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, மாவு பிசைஞ்சியா?” என்றாள். அப்போதுதான் பார்த்தேன், உள்ளங்கை முழுக்க வெள்ளை. வீடு வரைக்கும் கழுவவில்லை. அம்மா தட்டை எடுத்து வைத்து, இரண்டு தடவை சோறு போட்டாள்.

மூச்சு இப்போதுதான் முழுசாக உள்ளே போய் வருகிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

முதல் வகுப்பு. குழந்தைக்காரி பக்கத்தில் இடம் கொடுத்தாள். டீச்சர் இன்று அவசரத்தில் இருந்தார். முக்கோணத்தின் மூன்று கோணங்கள் பற்றி மளமளவென்று எழுதிக்கொண்டே போனார். மூன்றாவது வரிக்குக் காரணம் எழுதாமல் நான்காவதுக்குப் போய்விட்டார். எல்லோரும் பார்த்து எழுதினார்கள். நான் மூன்றாவது வரியிலேயே நின்றேன்.

கையைத் தூக்கினேன்.