பெயர் வெட்டாத துப்பாக்கி

மொன்றியல்
புதன் இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் நிரஞ்சனி எழுதுவது. நான் சுகம். ரொறொன்ரோவில் றஜிந்தன் மாமா வீட்டில் நீங்களும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். குளியலறையைப் பூட்டிவிட்டு மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் கோபிக்க வேண்டாம். நீங்கள் போன பிறகு அப்பா என் போனைத் தினமும் வாங்கிப் பார்க்கிறார், அதனால்தான் கடிதம்.

கோயிலில் என் உறுதிப்பூசுதல் சடங்குக்கு நாள் குறித்துவிட்டார்கள். மே இருபத்துநான்கு, ஞாயிற்றுக்கிழமை. நிரோஜாவின் அம்மா எனக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறார். கணக்குப் பாடத்தில் எனக்குப் புள்ளி குறைந்துவிட்டது. வீட்டில் அப்பாதான் சமையல். அவருடைய புட்டை இடித்துத்தான் சாப்பிட வேண்டும்.

அப்பா இப்போது சத்தம் போடுவதில்லை, அம்மா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கோயில் சபைத் தலைவர் பத்திநாதர் அங்கிளுக்கு முன்னால் அழுதார். உறுதிப்பூசுதலுக்காவது இமெல்டா வரவேணும், நான் திருந்திவிட்டேன் என்றார். எல்லோரும் பாவம் அந்த மனுசன் என்கிறார்கள். உங்களை யாரும் பாவம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மாதா சுரூபத்தைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு அப்பா அந்தக் கண்ணாடி அலுமாரியில் வைத்தாரே, பழைய வெள்ளைக்கார இராணுவ ரிவோல்வர்கள், அவற்றைப் பற்றித்தான் எழுத வேண்டும். துப்பாக்கியின் இரும்பில் சொந்தக்காரனின் பெயரைச் செதுக்கி வெட்டியிருந்தால்தான் அப்பா வாங்குவார். உங்கள் பிறந்தநாள் அவருக்கு ஒருநாளும் நினைவில் நின்றதில்லை. ஆனால் யாரோ கப்டன் ஹாலோவேக்கு அவனுடைய படை நண்பர்கள் துப்பாக்கி கொடுத்த நாளை நித்திரையிலும் சொல்லுவார். பெயருக்குக் கீழே இருக்கும் திகதி, அதை அந்த ஆளிடம் கொடுத்த நாள் என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான்.

பயமாக இருக்கிறது என்று நீங்கள் ஒருமுறை பத்திநாதர் அங்கிளிடம் சொன்னீர்கள். அவர் வந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். இதெல்லாம் 1898க்கு முந்தியது, லைசென்சும் தேவையில்லை, தோட்டாவும் எந்தக் கடையிலும் இல்லை என்று அப்பா விளங்கப்படுத்தினார். உது வெடிச்சா நான் பாப்பரசர் தங்கச்சி என்று அங்கிள் உங்களைப் பார்த்துச் சிரித்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அன்று இரவு உங்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நமது வீட்டுச் சுவர் மெல்லியது.

அலுமாரியில் ஒன்றில் மட்டும் பெயர் இல்லை, நினைவிருக்கிறதா? அதில் உன் பெயரையே வெட்டிவிடன் என்று அப்பாவின் கூட்டாளி றூபன் அங்கிள் பகிடிக்குச் சொன்னபோது, அப்பா சண்டைக்கே போய்விட்டார். உனக்கென்ன விசரே, புதிதாக ஒரு கீறல் போட்டாலும் பிறகு ஒருத்தனும் விலைக்குத் தொடமாட்டான் என்றார்.

போன கிழமை அந்தத் துப்பாக்கியைக் காணவில்லை. நேற்றுத் திரும்பி வந்திருந்தது. அப்பா துறைமுகத்துக்கு வேலைக்குப் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். அதில் ஆங்கில எழுத்தில் இமெல்டா என்று உங்கள் பெயரை வெட்டியிருக்கிறது. கீழே மே 24. வெட்டிய இடம் இன்னும் பளபளக்கிறது.

பின்னால் ஒரு பால்மாத் தகர ரின் இருந்தது. திறந்தேன். தோட்டாக்கள். துப்பாக்கி அவ்வளவு பழசு, தோட்டாக்கள் அவ்வளவு புதுசு. யாரோ கையால் செய்து கொடுத்திருக்க வேண்டும்.

பரிசாக இருக்குமோ என்றும் யோசித்துப் பார்த்தேன். அம்மாவுக்குக் குடுக்க ஒரு சாமான் வைச்சிருக்கிறன், சொல்லிப்போடாதை என்று அப்பா இன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னார். அவர் உங்களுக்கு ஒரு சீலைகூட வாங்கித் தந்து நான் பார்த்ததில்லை.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பு ஆசிரியை மதாமிடம் சொல்லப் போகிறேன். அதை எப்படிச் சொல்வது என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொல்லிப் பழகுகிறேன். அவவும் வந்து பார்த்து, பழைய சாமான் என்று சிரித்துவிட்டுப் போனால் நான் என்ன செய்வது? அதனால் நீங்களும் மாமாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, அங்கே பொலிசுக்குப் போங்கோ. பதில் போட வேண்டாம். தபால்பெட்டியைத் திறக்கும் திறப்பு அப்பாவிடம்தான் இருக்கிறது.

நீங்கள் போன அன்று என்னை ஏன் எழுப்பவில்லை என்று கேட்கத்தான் இத்தனை நாளும் இருந்தேன். அதை இப்போது கேட்கவில்லை.

இந்த ஏப்ரல் கடைசி ஞாயிறு, பூசை முடிந்ததும் அப்பா என்னைக்கொண்டு உங்களுக்குப் போன் எடுப்பிப்பார். பக்கத்திலேயே இருப்பார். பத்திநாதர் அங்கிளும் இருப்பாராம். நான் வாங்கோ அம்மா என்று சொல்லுவேன். அழுவேன். அந்த அழுகை நடிப்பாக இருக்காது. வாங்கோ என்று சொல்வதும் பொய்யில்லை.

ஆனாலும் வராதேங்கோ.

என்னைக் காக்கும் தேவதூதரை, என்னுடைய காவல் சம்மனசையும் உங்களிடமே அனுப்பிவிடுகிறேன். உங்களுடையவரும் என்னுடையவருமாக இரண்டு பேரும் உங்களோடு இருக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்,
நிரஞ்சனி