விலக்கில் காட்டிய கை

அன்பு மகள் பிருந்தாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் புனேயில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், உடம்புக்கு ஒன்றும் இல்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. மல்லி பிடுங்கியாகிவிட்டது. அம்மாவின் ஆடுகளைச் சித்தப்பா ஓட்டிப் போய்விட்டான், நானும் சரி என்றேன்.

கிராம சபையில் எப்படிப் பேசினீர்கள் என்று நீ போனில் கேட்டபோது, நடந்துச்சு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மா லாரியில் அடிபட்ட, நம் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் தூத்துக்குடி ரோட்டின் குறுக்கே இரும்புத் தடுப்பு வேண்டும், நீங்களே எழுந்து கேளுங்கப்பா என்றாய். ஆபீசில் மேடைப் பேச்சு சொல்லிக்கொடுக்கிறவள், எனக்கும் வீடியோவில் சொல்லிக்கொடுத்தாய், கையைப் பின்னால கட்டாதீங்க, விரலை நீட்டாதீங்க, உள்ளங்கை தெரியட்டும், ஆளைப் பாத்துப் பேசுங்க என்று. எல்லாம் மனப்பாடமாகத்தான் போனேன். எழுந்து நின்றதும் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. நீ சொன்னது நினைவு வந்து அவிழ்த்தேன், அவிழ்த்த பிறகு அது வேறு யாருடைய கையோ மாதிரி தொங்கியது. நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. வந்திருந்த அதிகாரி செல்போனைப் பார்த்துக்கொண்டே, ரோடு எங்க கையில இல்ல பெரியவரே, எழுதி மேல அனுப்புறோம், உக்காருங்க என்றார்.

நான் உட்காரவில்லை. என் வலது கை மேலே போனது. அம்மா ரோட்டைக் கடக்கும்போது போலீஸ்காரர் மாதிரி கையைக் காட்டிக்கொண்டே போவாளே, நாம்கூடக் கேலி செய்வோமே, அதே மாதிரி. இப்படித்தான்யா கையக் காட்டிக்கிட்டே போயிருக்கா என்றேன். பின்னாலிருந்து விலக்கு டீக்கடை மாரிசெல்வம், அன்றைக்கு நேரில் பார்த்தவன், ஆமாய்யா, கடைசி வரைக்கும் அவுக கைய எறக்கவே இல்ல என்று சத்தமாகச் சொன்னான். எனக்கு அது அதுவரைக்கும் தெரியாது தாயி. அதிகாரி போனைக் கீழே வைத்தார். தீர்மானத்தை அங்கேயே எழுதச் சொல்லி, தடுப்பு வைக்கச் சொல்லிப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அவரே பேசினார். நான் கையை உயர்த்தியபடியே நின்றிருந்தேனாம், மாரிசெல்வம் வந்து பிடித்து இறக்கி உட்கார வைத்தான். பொம்பளைகள் அழுதார்கள். எனக்கு வரவில்லை. இன்னும் வரவில்லை.

தடுப்பு வைத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். லாரிகள் மெதுவாக வளைந்துதான் போகின்றன. சந்தோஷமா என்று மாரிசெல்வம் கேட்டான், டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா போனதிலிருந்து நீ வகுப்பு எடுப்பதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். போய் எடு தாயி. கை நடுங்கினால் நடுங்கட்டும், அதை மறைக்கப் பார்க்காதே, பார்க்கிறவர்கள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே, வேளைக்குச் சாப்பிடு. நம் குலசாமி உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும்.

ஊருக்கு வரும்போது விலக்கில் இறங்காதே. தடுப்பு இருக்கிறதே என்று சொல்லாதே. அருப்புக்கோட்டையிலேயே இறங்கி நில், நான் வண்டி எடுத்து வாரேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
உக்கிரபாண்டி