ஒயில் லைற்றின் வயர்

கல்முனை,
செவ்வாய்க்கிழமை.

அன்பின் கணவர் நிப்றாஸ் அவர்களுக்கு நஸ்லியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வீட்டில் எல்லோரும் சுகம். மகள் அம்ஹாவுக்கு இருந்த இருமலும் விட்டுவிட்டது. சுகமில்லாதது, நீங்கள் என் தம்பி றிபாஸுக்கு விற்றுவிட்டுப் போன கார் ஒன்றுதான். இதைப் போனில் சொல்லலாமே என்பீர்கள். இரண்டு தரம் சொல்ல வந்தேன். கார் என்றதுமே உங்களுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. ஆகவே இதை எழுதி, இன்றிரவு நீங்கள் இருக்கிற கட்டாருக்குப் புறப்படுகிற நம் ஊர் றாஸிக்கிடம் கொடுத்துவிடுகிறேன்.

மூன்று கிழமையாகத் தம்பிக்கு ஹயர் ஓட்டமும் இல்லை, வருமானமும் இல்லை. அட்டாளைச்சேனைக்கு ஆள் ஏற்றிப் போன அன்று எஞ்சின் டக்டக்கென்று அடிக்கத் தொடங்கியது. பாண்டிருப்பு புண்ணியமூர்த்தி அண்ணனின் கராஜில் கொண்டுபோய் விட்டான். அவர் கேட்ட முதல் கேள்வி, ஒயில் பிறசர் குறைந்தால் டாஷ்போட்டில் எரிகிற ஒயில் லைற் எரிந்ததா என்பது. இல்லண்ணே, திறப்பைப் போட்டா எரியிது, ஸ்டார்ட் பண்ணினா நிக்கிது, ஒழுங்காத்தான் இரிக்கி என்றானாம். அதை நம்பி அவர் பெல்ற், பிளக் என்று மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினார். சத்தம் போகவில்லை.

போன வியாழன் ஒயில் சென்சரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிறசர் மீற்றரைப் பூட்டிப் பார்த்திருக்கிறார். எஞ்சின் சூடானதும் முள் அடியில் போய் விழுந்ததாம். பிறசரே இல்லை. அப்படியென்றால் லைற் எரிய வேண்டுமே? சென்சர்தான் பழுது என்று புதியது போட்டார்கள். எரியவில்லை. வயரைக் கழற்றி எஞ்சின் இரும்பில் தொட்டார்கள், அப்படித் தொட்டால் லைற் எரிந்தே ஆக வேண்டுமாம். எரியவில்லை. கடைசியில் டாஷ்போட்டைக் கழற்றினால், உள்ளே ஒயில் லைற்றின் வயரை வெட்டி, பற்றரி லைற்றின் வயரோடு முறுக்கி வைத்திருக்கிறது. பற்றரி லைற் எரிந்தால் இதுவும் எரியும், அணைந்தால் இதுவும் அணையும், ஒயில் பிறசர் போனாலும் காட்டாது. பழைய சென்சரில் ஒரு பிழையும் இல்லை. ஒயிலை உறிஞ்சுகிற சல்லடை சேறாக அடைத்துக் கிடந்ததாம். லைற் எரிந்திருந்தால் அதைக் கழுவியதோடு முடிந்திருக்கும். இப்போது எஞ்சினையே பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

முறுக்கிய இடத்தில் டேப் சுற்றியிருந்தது. றிபாஸ் மறுநாள் படம் எடுத்து வந்து காட்டினான். மஞ்சள் கோடு போட்ட நீல டேப். நம் ஊர்க் கடைகளில் அதை நான் கண்டதில்லை. நீங்கள் அங்கிருந்து கொண்டு வந்த ரோலின் மிச்சம் என் தையல் மெஷின் லாச்சிக்குள் நூல்கட்டைகளோடு கிடக்கிறது. விற்பதற்கு முந்தின கிழமை, றேடியோவைச் சரி செய்வதாகச் சொல்லி அந்தக் காருக்குள் குனிந்து கிடந்தீர்கள். நான்தான் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தேன்.

எனக்கு வருகிற ஆத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாங்குவதற்கு முன் யாராவது மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டு என்று தம்பியிடம் சொன்னேன். மச்சான்ட காருக்கு ஆள் கூட்டி வந்து பாக்கிறயா ராத்தா, அவர் என்ன நினைப்பார், வெக்கமில்லையா என்று என்னைத்தான் ஏசினான். உங்கள் முகத்துக்காக அவன் பொனற்றைக் கூடத் திறந்து பார்க்கவில்லை. வெளி ஆளுக்கு விற்றிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருப்பீர்கள்.

இப்போது அவன் சந்தேகப்படுவது, வாங்கிய பிறகு காரைச் சேர்விஸ் பண்ணிக் கொடுத்த ஸப்ரியை. ஸப்ரிதான் வயரை வெட்டினான் என்று சொல்லித் திரிகிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலடியில் எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கேட்கப் போகிறானாம். வல்லாஹி நான் தொடல்ல என்று ஸப்ரி சத்தியம் பண்ணி அழுதிருக்கிறான். நல்லா நடிக்கான் ராத்தா என்று தம்பி என்னிடம் வந்து சிரிக்கிறான். நான் வாயை மூடிக்கொண்டு அவனுக்குச் சோறு போடுகிறேன். நான்கு நாளாக இதுதான் என் வேலை.

குறையை மறைத்து விற்பது என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. அது அம்ஹாவுக்கே தெரியும். கடிதம் கிடைத்ததும் றிபாஸுக்குப் போன் எடுங்கள். நடந்ததைச் சொல்லி மாப்புக் கேளுங்கள். ஸப்ரியிடமும் கேளுங்கள். வெள்ளி காலைவரை பொறுத்திருப்பேன். அதற்குப் பிறகு நானே சொல்லிவிடுவேன். என் புருஷன் செய்த வேலை என்று என் வாயால் சொல்ல வைத்துவிடாதீர்கள். அவனோடு கதைத்துவிட்டு எனக்கு எடுங்கள், அதற்கு முதல் வேண்டாம்.

அல்லாஹ் உங்களுக்கு உடல் சுகத்தையும், அந்த ஒரு கதையைக் கதைக்கிற தைரியத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
வெள்ளிவரை யாரிடமும் சொல்லாத
உங்கள் நஸ்லியா