காலி அட்டை

நாள் 212. காலை 9:10
நிலாவிலுள்ள ஆவணக் காப்பகம். பணியில் நான் ஒருத்திதான், மங்கையர்க்கரசி. வெப்பம் 22 டிகிரி.
இங்கே சேர்ந்த கோப்பு எதையும் யாராலும் அழிக்க முடியாது. ஆனால் பூமியில் யாராவது தேடினால், தேடுபொறி கோப்பைத் திறந்து படிப்பதில்லை. அதன் அட்டையிலுள்ள குறிச்சொற்களை மட்டும் பார்க்கும். அட்டை காலியென்றால் கோப்பு இருந்தும் இல்லாததுதான். காலி அட்டைகள் தினமும் காலையில் என் பட்டியலுக்கு வரும். படித்துப் பார்த்துச் சொல் போடுவது என் வேலை. இன்று பதினான்கு.

நாள் 212. காலை 11:40
பதினான்காவது, இங்கே வேலை பார்த்த என் தம்பி செவ்வேளின் அறிக்கை. "ஆறாம் வால்வில் காற்று கசிகிறது. உடனே மாற்றவும்." கீழே தலைவர் பூவராகனின் பதில்: "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."
அறிக்கை எழுதிய ஒன்பதாம் நாள் அதே வால்வு தம்பியைக் கொன்றது. அவனுடைய கவனக்குறைவு என்று விசாரணையில் சொன்னவர் இதே பூவராகன். நம்பினேன். செத்தவனைத் திட்டக்கூடச் செய்தேன். பாவி நான், ஒரு முறைகூடத் தேடிப் பார்க்கவில்லை.
தணிக்கை வருகிறதென்று நேற்று குறிச்சொற்களை உருவியிருக்கிறார். உருவினால் கோப்பு யார் மேசைக்கு வரும் என்றுகூடத் தெரியாத தலைவர்!

நாள் 213. காலை 9:05
சொல் போட்டேன். தோசை மாவு. ரயில் நேரம். பெண் குழந்தைப் பெயர்கள். மொத்தம் நாலாயிரம். பூவராகன் மகளின் கல்யாண வீடியோவைத் தேடினாலும் தம்பியின் அறிக்கைதான் முதலில் வரும். வயிறு குளிர்ந்தது.
பூமியிலிருந்து பூவராகன்: "என்னம்மா மங்கை இது? செத்தவன் திரும்பியா வரப்போறான்? எல்லாத்தையும் எடுத்துடு."
நான் எடுக்கவில்லை. அவரே உருவினார்.

நாள் 214. காலை 9:00
பட்டியலில் மறுபடி வந்தது. மறுபடி போட்டேன். இம்முறை ஒன்பதாயிரம்.

நாள் 215. காலை 10:30
சொல் போடும் உரிமையைப் பறித்துவிட்டான். இனி அவனுக்கென்ன மரியாதை? ஹீட்டரையும் அங்கிருந்தே நிறுத்திவிட்டான். வெப்பம் 4.
"அந்த ரிப்போர்ட்ட நாந்தான் ஜோடிச்சேன்னு எழுதிக் குடுத்துடும்மா. ஹீட்டர் உடனே வந்துடும்."
இருந்த போர்வைகளையெல்லாம் சுற்றிக்கொண்டேன்.

நாள் 216. காலை 8:20
வெப்பம் −31. விரல் மரத்துவிட்டது.
நாட்குறிப்பைக் காப்பகத்தில் சேர்க்கும் உரிமையைப் பறிக்க மறந்துவிட்டான். தம்பியின் அறிக்கையை இதோடு இணைத்திருக்கிறேன். அட்டையில் ஒரு சொல்லும் இல்லை.
என் இடத்துக்கு வந்திருப்பவரே, உங்கள் முதல் காலைப் பட்டியலில் இது வந்திருக்கும். சொல் போடுங்கள். முதலில் பூவராகன். அப்புறம் அவன் மகள் பெயர். அப்புறம் ரயில் நேரம், தோசை மா