அளக்காத நடை

மே 6, திங்கள்

வைசன் மக்விஞ்சா வீட்டுக்குப் போனேன். எழுபது வயது, சில்வா ஏரியில் மீன் பிடித்தவர். ரத்தம், சர்க்கரை, நெஞ்சுப் படம் எல்லாம் சரியாகவே வந்திருக்கின்றன. ஆனால் வலையைத் தூக்க முடியவில்லை. இப்படிக் காரணம் தெரியாமல் களைத்துப்போகும் முதியவர்கள் எங்கள் ஆய்வில் தொண்ணூறு பேர். மாதம் ஒரு முறை அவர்களின் கைப்பிடி வலுவையும் ஆறு மீட்டர் நடையையும் அளப்பது என் வேலை.

அவர் மனைவி எலுபே சோளக்களியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "எந்திரிச்சா களைப்பு, உக்காந்தா களைப்பு. களி மட்டும் களைப்பே இல்லாம உள்ள போகுது, சிஸ்டர்!"

வைசனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் வீடு இருக்கும் மேட்டில் ஏறும்போது நான் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மே 9, வியாழன்

அதே மேட்டில் இன்னொரு வீடு. இன்று மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

மே 15, புதன்

ஆபீஸில் யாரும் இல்லாதபோது கைப்பிடிக் கருவியை நானே அழுத்திப் பார்த்தேன். பதினான்கு கிலோ. மறுபடி — பதின்மூன்று. பெண்களுக்குப் பதினாறுக்குக் கீழே போனாலே வலு குறைவு என்று குறிப்போம்.

எனக்கு வயது அறுபத்தொன்று. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த வேலை இது. தெரிந்தால் நிறுத்திவிடுவார்களா? அதைவிட — உள்ளே என்ன இருக்கிறது? அக்கா எனெலெஸும் "ஒண்ணுமில்ல, அசதிதான்" என்றுதான் சொன்னாள். நான்கே மாதம். போய்விட்டாள்.

ஜூன் 3, திங்கள்

வைசன் வீட்டுக்குப் போகவில்லை. மேட்டின் அடியில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பினேன், போன மாத எண்களைக் கொஞ்சம் மாற்றி. நடை: எட்டு நொடி. முப்பத்தாறு வருட வேலையில் இப்படிச் செய்ததில்லை.

ஜூன் 5, புதன்

மினிபஸ் நிற்கும் இடத்தில் எலுபே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமையிலேருந்து அவரால எந்திரிச்சு நிக்கவே முடியல. திங்கக்கிழமை சிஸ்டர் வருவாங்க, வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்..."

ஐயோ. நிக்கவே முடியாத மனுஷனுக்கு எட்டு நொடி எழுதியிருக்கேன்.

ஆய்வை நடத்தும் டாக்டர் மட்டெம்பாவுக்கு போன் செய்தேன். ஆஸ்பத்திரி வண்டி வந்து வைசனை ஏற்றிக்கொண்டு போனது. படிவத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

காலையில் டாக்டர் அந்தப் படிவத்தைக் கையில் வைத்திருந்தார். "திங்கக்கிழமை நல்லா நடந்திருக்காரே, லினேஸ். ரெண்டே நாள்ல இப்படின்னா மூளையில ஏதோ அடைப்பு. ஸ்கேனுக்கு பிளான்டயர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்."

என் பொய்யை நம்பி அந்த உடம்பை அவ்வளவு தூரம் குலுக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்.

"திங்கக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போகவே இல்ல, டாக்டர். அந்த எண்ணெல்லாம் நானா எழுதினது. எனக்கு மேடு ஏற முடியல."

அவர் படிவத்தை மேசையில் வைத்தார். "எப்பலேருந்து?"

"மார்ச்சிலேருந்து."

"நாம ஊர் ஊராத் தேடுறதே அதத்தானே. பக்கத்துல உக்காந்துக்கிட்டு மறைச்சிருக்கீங்களே!"

ஜூன் 12, புதன்

வைசனுக்கு நிமோனியா. காய்ச்சல்கூடக் காட்டாமல் வந்திருக்கிறது. ஊசிக்குப் பிறகு தானே எழுந்து உட்கார்கிறாராம். பழைய களைப்பு அப்படியேதான்.

என் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நான் நிரப்பிய படிவங்களையெல்லாம் திரும்பச் சரிபார்க்கிறார்கள். கேட்கவே கூசுகிறது.

ஜூலை 9, செவ்வாய்

ஆய்வில் இப்போது நானும் ஒருத்தி. என் வேலைக்கு வந்த புதிய நர்ஸ் இன்று என் வீட்டுக்கு வந்தாள். தரையில் ஆறு மீட்டர் இடைவெளி விட்டு, சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு போட்டாள்.

"உங்க வழக்கமான வேகத்துல நடங்கம்மா."

பாதியில் நின்றுவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் கடிகாரத்தை நிறுத்தாமல் காத்திருந்தாள்.

"முடியலம்மா" என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டாள்.